பவளம் நிறம் மங்காதிருக்க

உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் செய்யும் முதல் தவறு, மீனுக்கு அளவுக்கு மேல் சாப்பாடு போடுவது. நம் ஊரில் யார் வீட்டுக்கு வந்தாலும் போதும் போதும் என்று கையை மறைத்த பிறகும் இன்னொரு கரண்டி வைப்போம் இல்லையா, அந்தப் பழக்கம்தான். மீன் தின்னாமல் விட்டது அழுகும். தண்ணீர் கெடும். பவளம் பழுப்பாகிவிடும்.

சகாயராஜ் அண்ணன் வீட்டுப் பவளங்கள் டீத்தூள் நிறத்துக்கு வந்ததற்குக் காரணம் இதுதான். அவர் திண்டுக்கல்லில் மீன்தொட்டிக் கடை வைத்திருப்பவர். எங்கள் வீட்டுத் தொட்டியையும் அவர் வீட்டுத் தொட்டியையும் ஒரே வாரத்தில் கட்டினார். பத்து வருடம் கழித்து, போன மாதம் வந்து, எங்கள் தொட்டிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"ஏத்தா பொன்னழகு, என்னுதும் அதே கடல்லருந்துதேன் வந்துச்சு. ஒன்னுது மட்டும் எப்படி கல்யாண வீட்டு சீரியல் செட்டு மாதிரி மின்னுது? எழுதிக் குடு. நீதேன் வாயத் தொறக்க மாட்டியே."

ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அவருக்கு அது தேவைப்படாது.

எங்கள் அப்பா பெருமாள்சாமி மோட்டார் காயில் கட்டுகிறவர். நாகல் நகரில் கடை. கன்னிவாடித் தோட்டத்து மோட்டார்களும் வேடசந்தூர் மில்லு மோட்டார்களும் கருகிப்போய் அங்கே வந்து இறங்கும். எந்த மோட்டாரைப் பார்த்தாலும் அப்பா கேட்கும் முதல் கேள்வி, "உசுரு இருக்கா?" நடந்தவற்றுக்கெல்லாம் இந்தக் கேள்விதான் முதல் காரணம். எனக்குப் பங்கு இல்லை என்று சொல்லவில்லை. வரிசையில் நான் பின்னால் வருகிறேன், அவ்வளவுதான்.

1999இல் என் அக்கா கௌசல்யாவுக்கு இருபத்தொரு வயது. ஜாதகத்தில் செவ்வாய் தோஷம். மொக்கைச்சாமி ஜோசியர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "பவளம் வேணும் பெருமாள்சாமி. கண்ட பாசிமணியும் ஆகாது. உசுரான பவளமா இருக்கணும்" என்றார். உசுரான என்றால் அசலான, ஒளி குறையாத என்று அர்த்தம். அவர் மோதிரத்துக்குச் சொன்னார். அப்பா நேராக சகாயராஜ் அண்ணன் கடைக்குப் போனார்.

"உசுரோட பவளம் கெடைக்குமாய்யா?"

அண்ணனுடைய மச்சான் தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர். "கெடைக்கும். ஆனா அதுக்குக் கடலும் வேணுமேண்ணே" என்றாராம் அண்ணன்.

"எத்தன லிட்டரு?" என்று கேட்டாராம் அப்பா.

நாலு அடித் தொட்டி வந்தது. மீன் வேனில் கேன் கேனாகக் கடல் வந்தது. கடைசியாக மூன்று பவளங்கள் வந்தன. ஒன்று காலிஃபிளவர் மாதிரி, ரோஸ் நிறம். ஒன்று மூளை மாதிரி, பச்சை. மூன்றாவது கல் முழுக்க ஆரஞ்சுப் பொத்தான் தைத்த மாதிரி இருந்தது. ஜோசியரைக் கூட்டிவந்து காட்டினார்கள். மோதிரம் என்ற சொல் அவர் வாய் வரை வந்ததை நான் பார்த்தேன். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் சொன்னது இதத்தேன்" என்றார். சொன்னதோடு விடவில்லை. "இது பளிச்சுனு இருக்குற வரைக்கும் தோஷம் அடங்கிக் கெடக்கும். மங்குச்சுன்னா செவ்வா முழிச்சுக்கிட்டான்னு அர்த்தம். கல்யாணமானா புள்ளையோடயே இதையும் அனுப்பணும்."

நகைக்கடைப் பவளம் வேறு, எங்கள் தொட்டியில் இருந்தவை வேறு. அண்ணன் கொடுத்த புத்தகத்தைப் படித்து மூன்றாம் நாளே இதைத் தெரிந்துகொண்டேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் எழுந்து வாசிக்கச் சொன்னார். எழுந்தேன், எழுத்து தெரிந்தது, குரல் வரவில்லை. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஒரு வாரம் திட்டிவிட்டு, "சரி, தொட்டியவாச்சும் பாத்துக்க" என்றார் அப்பா. பார்த்துக்கொண்டேன்.

தண்ணீர் ஆவியாகிக் குறையும், உப்பு குறையாது. குறைந்த அளவுக்கு உப்பில்லாத தண்ணீர் ஊற்ற வேண்டும். எங்கள் போர் தண்ணீரில் பக்கெட்டே வெள்ளை பூத்துவிடும். அதனால் அப்பா கடையில் இருக்கும் பேட்டரித் தண்ணீரை ஊற்றுகிறேன். பவளம் வளரச் சுண்ணாம்பு வேண்டும். வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பை அதே தண்ணீரில் கரைத்து, தெளியவைத்து, மேல் தெளிவை மட்டும் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விளக்கு, பெட்ரோல் பங்க்கில் போடும் பெரிய விளக்கு. அதற்கு அப்பாவே சோக் கட்டினார். பக்கத்தில் நீல டியூப் ஒன்று. சூடு இருபத்தாறு டிகிரி. சித்திரையில் தண்ணீருக்கு மேல் மூன்று ஃபேன், மார்கழியில் திருகு வைத்த கண்ணாடி ஹீட்டர். தினமும் சூட்டைக் குறித்துவைக்க ஒரு நோட்டு, ஆணியில் தொங்கும்.

சுண்ணாம்பு வாங்குவது அக்கா. பேட்டரித் தண்ணீர் தீர்ந்துவிட்டால் அப்பாவிடம் கேட்பது அக்கா. குளுக்கோஸ் குழாயை மருந்துக்கடையில் சண்டை போட்டு வாங்குவதும் அக்காதான். எனக்குக் கடையில் வாய் வராது. அவளுக்குப் பின்னால் நிற்பேன்.

"ஒரு கிலோ சுண்ணாம்பா? வீட்ல யாரு தாயி வெத்தல போடுறது, யானையா?" என்று கடைக்காரர் ஒருமுறை கேட்டார்.

"ஆமாண்ணே, ரெண்டு யானை. ஒண்ணு பேசும், ஒண்ணு பேசாது" என்றாள் அக்கா.

இனி நிறத்துக்கு வருகிறேன். பவளத்தின் நிறத்தில் பெரும்பங்கு அதன் சொந்த நிறமில்லை. அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அது வெளிச்சத்தில் சமைத்து வீட்டுக்காரருக்கும் ஒரு பங்கு கொடுக்கும். வாடகை என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீரில் சூடு ஏறி அப்படியே நின்றுவிட்டால் வீட்டுக்காரருக்கு மூளை பிசகிவிடும். குடியிருப்பவரை வெளியே தள்ளிவிட்டு, வெள்ளையாக நின்று பட்டினி கிடப்பார். சீக்கிரம் சூட்டைக் குறைத்தால் மறுபடியும் குடி வரும். தாமதமானால் வராது. சட்டென்று மங்கவைக்க இன்னொரு வழியும் உண்டு. ஈர்க்குச்சியால் லேசாகத் தடவினால் போதும், பயந்து சுருங்கி மூடிக்கொள்ளும். ஒரு மணி நேரம் கழித்துத் தானாகத் திறக்கும். எந்தச் சேதமும் இல்லை.

மங்காமல் வைத்திருக்கத் தெரிந்தவளுக்கு மங்கவைக்கவும் தெரியும். அண்ணனுக்குக் கொடுத்த பக்கத்தில் இது இல்லை.

முதல் மாப்பிள்ளை 2000இல், சேவுகம்பட்டித் தென்னந்தோப்புக்காரர். அவருக்கும் செவ்வாய் தோஷம் என்பதால் பொருத்தம் அமோகம். முதல் தடவை வந்தபோது அவருடைய பெரியப்பா தொட்டியின் கண்ணாடியைத் தட்டி, "இதுல கெண்ட விடலாமா? கொழம்புக்கு ஆகும்ல?" என்றார். மாப்பிள்ளையின் அம்மா, "டிவிக்குப் பக்கத்துல வச்சு, மேல பிளாஸ்டிக் பூ ஜாடி வச்சுக்கலாம்" என்றார். கதவுக்குப் பின்னால் இருந்து கேட்டேன். அந்த வீட்டில் பவளம் பதினைந்து நாள் தாங்காது. இதில் கோபம் ஒன்றுமில்லை, கணக்குத்தான்.

பூ வைக்க இரண்டாம் தடவை வந்தபோது, அவர்கள் தெருமுனை திரும்பும் நேரத்தில் நீல டியூபை அணைத்துவிட்டு மூன்றையும் ஈர்க்குச்சியால் தடவினேன். ரோட்டோரத்துக் கல் மாதிரி ஆகிவிட்டன. ஜோசியர் சொன்னதை அப்பாவே பெருமையாக ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா குனிந்து பார்த்தார். "போன வாரம் இருந்த களை இல்லையே. செவ்வா முழிச்சுக்கிட்டானோ?" என்றார். பூத் தட்டைத் திறக்கவே இல்லை. கேசரியை மட்டும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "போறான் விடுடி. சட்டைப் பொத்தான மேலயும் கீழயும் மாத்திப் போட்டுருந்தான். இவனுக்குப் பொத்தான் போட்டுவிடவா நான் பிளஸ் டூ படிச்சேன்?" அவளுக்கு வருத்தமில்லை என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதனால் தொடர்ந்தேன்.

அடுத்த வருடம், பவளத்தைக் கடலிலிருந்து எடுக்கக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. இனி ஒன்று செத்தால் ஒன்று வாங்க முடியாது. என் பொறுப்பு கூடியது. 2006 வரை இன்னும் நான்கு மாப்பிள்ளைகள் வந்தார்கள். ஒருவர் பட்டாளம், ஒருவர் பஸ் கண்டக்டர், இரண்டு பேருடைய முகம்கூட எனக்கு ஞாபகமில்லை. ஈர்க்குச்சி ஞாபகமிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவர்கள் போன ஒரு மணி நேரத்தில் பவளங்கள் பழையபடி விரிந்துவிடும். எந்த உயிருக்கும் கேடில்லாமல் ஒரு காரியத்தை முடிப்பது சாதாரண விஷயமில்லை.

மூன்றாவது மாப்பிள்ளைக்குப் பிறகு அக்கா செவ்வாய்க்கிழமை சாப்பிடுவதை நிறுத்தினாள். நான்காவதுக்குப் பிறகு அம்மா அவளைக் கல்யாண வீடுகளுக்குக் கூட்டிப்போவதை நிறுத்தினாள். ஐந்தாவதுக்குப் பிறகு அக்கா சிரிக்கும்போது சத்தம் வரவில்லை. தொட்டியில் ஒன்று குறைந்தால் என்ன ஊற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். இதற்கு என்ன ஊற்றுவது என்று புத்தகத்தில் இல்லை.

2007இல் முத்துச்சாமி வந்தார். மாப்பிள்ளையாக வரவில்லை. வேடசந்தூர் மில்லில் ஃபிட்டர் அவர். மோட்டார் விஷயமாக அப்பாவைத் தேடி வீட்டுக்கு வந்தவர் தொட்டியைப் பார்த்து நின்றுவிட்டார். என்னிடம் கேள்வி கேட்டார். என் வாயைப் பார்த்துவிட்டுக் கேள்வியை மாற்றினார். "இது தூங்குமாம்மா? தூங்கும்னா தலைய ஆட்டுங்க, போதும்." தலையை ஆட்டினேன். வெளி ஆள் ஒருவரோடு நான் பேசி முடித்த முதல் பேச்சு அது.

அடுத்த மாதம் அவருக்கு மோட்டார் இல்லாமலேயே எங்கள் வீட்டில் வேலை வந்தது. அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். "சீனி போதுமா?" என்றாள்.

"மில்லு கேன்டீன் டீயக் குடிச்சு வளந்த நாக்குங்க. இது டீன்னே இப்பத்தேன் தெரியுது."

உள்ளே வந்து அக்கா சத்தமாகச் சிரித்தாள். ஒரு வருடம் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

அவர் அப்பாவிடம் நேராகவே கேட்டார். "எனக்குத் தோசமும் இல்ல மாமா, நம்பிக்கையும் இல்ல. ரெண்டுக்கும் ரெண்டு கழிச்சுக்கங்க." தொட்டியைப் பற்றி அப்பா இழுத்தபோது, "அது தங்கச்சிகிட்டயே இருக்கட்டும். வேடசந்தூர் வெயிலுக்குக் கொண்டுபோனா மீன் சூப்புதேன் கெடைக்கும்" என்றார். ஜோசியரைக் கேட்டார்கள். எங்கே இருந்தாலும் மங்காமல் இருந்தால் சரி என்று அவரும் இறங்கி வந்தார். ஆவணியில் நிச்சயம் என்று நாள் குறித்தார்கள்.

அக்கா என் கன்னத்தைக் கிள்ளினாள். "தொட்டி ஒனக்குத்தேன்டி. இப்ப சந்தோசமா?"

தொட்டி என்னிடமே இருக்கும் என்றால் நான் எதற்காக ஏதாவது செய்ய வேண்டும்? நியாயமான கேள்வி. நானும் இரண்டு நாள் யோசித்தேன். பிறகு எனக்கு விளங்கியது. அக்கா போய்விட்டால் சுண்ணாம்புக் கடையில் யார் கேட்பது? அக்கா இல்லை என்றால் சுண்ணாம்பு இல்லை. சுண்ணாம்பு இல்லை என்றால் பவளம் இல்லை. எப்படிப் பார்த்தாலும் பவளத்தின் பாதுகாப்பு என்று வந்தபோது எனக்கு வேறு வழி இருக்கவில்லை. பவளத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான் பவளத்தைச் சூடாக்கினேன்.

இந்தத் தடவை ஈர்க்குச்சி போதாது. ஒரு மணி நேர மங்கலைப் பார்த்து முத்துச்சாமி சிரித்துவிடுவார். நிச்சயத்துக்குப் பதினொரு நாள் முன்னால் கண்ணாடியில் ஒட்டியிருந்த தெர்மாமீட்டரைக் கை தவறி உடைத்தேன். ஃபேன்களைக் காற்று தண்ணீரில் படாதபடி கொஞ்சம் திருப்பினேன். ஹீட்டரின் திருகை ஒரு நாளைக்கு ஒன்றரை டிகிரி வீதம் முப்பத்திரண்டு வரை ஏற்றினேன். நோட்டில் இருபத்தாறு, இருபத்தாறு, இருபத்தாறு என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

ஆறாம் நாள் ரோஸ் வெளுத்தது. ஒன்பதாம் நாள் மூன்றும் வெள்ளை. அழுக்கு வெள்ளை இல்லை, பால் பல் மாதிரியான வெள்ளை. உண்மையைச் சொன்னால் அழகாகவே இருந்தது.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஜோசியர் தொட்டியைப் பார்த்ததும் அவருக்கே பயம் வந்துவிட்டது. பாவம், அவர் சொன்னது ஒன்று இவ்வளவு பளிச்சென்று பலித்ததை அவர் அதுவரை பார்த்ததில்லை. "மாப்பிள்ளைக்கு ஆகாது. வருசம் தாங்க மாட்டாரு" என்றார். அப்பா போன் போட்டுச் சொன்னதற்கு முத்துச்சாமி, "ஒரு மீன்தொட்டி சொல்லுதுன்னு நான் சாகணுமா மாமா? சாகுறதுன்னா கேன்டீன் சாம்பார்லயே செத்துருப்பேன்" என்றாராம். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை.

அன்று மத்தியானம் அவள் என்னிடம் வந்தாள். நான் தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலியில் இருந்தேன். தரையில் உட்கார்ந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"பொன்னு, நீதான தெனமும் பாக்குற. ஜோசியன விடு. அப்பாவ விடு. தண்ணில கோளாறா, கரண்ட்ல கோளாறா, உப்பு கூடிப்போச்சா? ஏதாச்சும் ஒண்ணு இருக்கும்லடி? கோளாறு தொட்டிலதேன், என் ஜாதகத்துல இல்லன்னு நீ ஒரு வார்த்த சொல்லு. வேற யாரு சொன்னாலும் நம்ப மாட்டேன். நீ சொன்னா நம்புவேன்."

நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தாள். இருபத்தாறு. இருபத்தாறு. அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தொட்டி எட்டும் தூரம். விரலைத் தண்ணீரில் விட்டிருந்தால் வெதுவெதுப்பு தெரிந்திருக்கும். விடவில்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுனது இருக்கட்டும். வாயால சொல்லு."

"எல்லாம் சரியாத்தேன் இருக்குக்கா. தண்ணில ஒரு கோளாறும் இல்ல. நான் நல்லாப் பாத்துட்டேன்."

மூன்று வாக்கியம். அவள் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் என் தலையைத் தடவி, "எனக்காக இம்புட்டுப் பேசிட்டியேடி" என்றாள். எழுந்து போய் போனை எடுத்தாள். முத்துச்சாமியிடம் அவள் என்ன சொன்னாள் என்பது என் காதில் விழவில்லை; நான் அந்த நேரத்தில் ஹீட்டரை அணைத்துக்கொண்டிருந்தேன். இனிமேலும் தாமதித்தால் பாசி திரும்பி வராது.

மூன்று மாதத்தில் ஆரஞ்சு திரும்பியது, பிறகு பச்சை. ரோஸ் பிழைக்கவில்லை. ஒரு உயிர் போனது போனதுதான், அதற்காக நான் இன்றைக்கும் வருந்துகிறேன். நிறம் திரும்புவதைப் பார்த்து அக்கா தொட்டியைத் தொட்டுக் கும்பிட்டு அழுதாள். தான் எடுத்த முடிவு சரி என்பதற்கு அவளுக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியிருக்கவில்லை. அதன் பிறகு யாரும் பெண் பார்க்க வரவில்லை. அவளே அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

முத்துச்சாமி மறு தையில் கன்னிவாடியில் பெண் எடுத்தார். ஒரு பிள்ளை இருக்கிறது. இப்போதும் மோட்டார் கொண்டுவருகிறார், அப்பா கடைக்கு மட்டும். அப்பா சாப்பிட உட்காரும்போது அக்கா குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்பாள். "அவுக நல்லா இருக்காகளாப்பா?"

"அவனுக்கென்ன, தொப்ப போட்டுருச்சு."

போன வாரமும் அப்படித்தான் கேட்டாள். பிறகு கரண்டியோடு என்னிடம் வந்து காதில் சொன்னாள். "கேட்டியாடி? வருசம் தாங்காதுன்ன மனுசனுக்குத் தொப்ப. அன்னைக்கு நான் மட்டும் ஆசைப்பட்டுக் கழுத்த நீட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்? அந்தத் தொப்ப நான் குடுத்ததுடி."

சொல்லும்போது அவள் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அவளுக்கு முப்பத்தொரு வயது. ஐந்து மாப்பிள்ளைகளை ஈர்க்குச்சியால் அனுப்பியவள் நான். ஆறாவதாக வந்தவரை ஹீட்டர் திருகால் அனுப்பியதும் நான். அவள் ஜாதகத்தில் எதுவும் முழித்துக்கொள்ளவில்லை. இதை அவளிடம் சொல்லிவிடலாமா என்று சில நாள் தோன்றும். சொன்னால், ஒரு உயிரைக் காப்பாற்றினோம் என்று அவள் வைத்திருக்கும் அந்த ஒரே சந்தோஷமும் போய்விடும். அதையும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்ள நான் என்ன கல்நெஞ்சக்காரியா?